மூன்று முறை வராதவர்

மனநல ஆலோசனை நிலையத்தில் ஒருவர் குணமடைந்துவிட்டார் என்று முடிவு செய்ய மூன்று வழிகள் இருந்தன. ஆலோசகரே அப்படி எழுதித் தரலாம். ஆனால் ஆலோசகர்கள் எதையும் உறுதியாக எழுதத் தயங்குபவர்கள். வந்தவரே எனக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன சிலரை நிலையம் கவலையோடு மேலும் ஆறு அமர்வுகளுக்கு வரச் சொன்னது. நடைமுறையில் இருந்தது மூன்றாவது வழிதான். குறித்த நாளில் தொடர்ந்து மூன்று முறை வராதவர் குணமடைந்தவர். தேவை இருந்தால் வந்திருப்பார் அல்லவா?

இந்த வழியில் நிலையத்தின் குணமடைவு விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறாக உயர்ந்திருந்தது. மீதி நான்கு பேர் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள். மாதக் கூட்டத்தில் அவர்களைப் பற்றி வருத்தத்தோடு பேசிக்கொள்வார்கள்.

நிலையம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. கீழே லிஃப்டின் கதவில் 'பராமரிப்பில் உள்ளது' என்று ஓர் அட்டை நிரந்தரமாகத் தொங்கியது. மனச்சோர்வோடு வருகிறவர்கள் எண்பத்திரண்டு படி ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்களிடம் ஒரு படிவம் தரப்படும். அதன் முதல் கேள்வி: 'சமீபத்தில் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?' எல்லோரும் ஆம் என்றுதான் எழுதினார்கள். படபடப்பு நோய் பரவி வருவதாக இயக்குநர் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, அது ஒரு நல்ல இதழில் வெளிவந்தும் இருந்தது.

படிவத்தைக் கொடுப்பதும் வாங்குவதும் டோக்கன் அக்காவின் வேலை. பதினோரு வருடமாக அதே மேசை. அவருக்கு வேறு பெயர் இருப்பது சம்பள நாளில் மட்டும்தான் தெரியவரும். பின்சுவரில் பெரிய எழுத்தில் 'இங்கே யாரும் உங்களைத் தீர்ப்பிட மாட்டார்கள்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், 'தாமதமாக வருபவர்களின் டோக்கன் ரத்து செய்யப்படும்.'

படிவத்தில் ஐம்பத்து நான்கு கேள்விகள். முதலாவதைத் தாண்டி, நடுவில் உள்ள ஐம்பத்திரண்டை யாரும் படிப்பதில்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம்: 'இன்று உங்கள் மனநிலைக்கு ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?' நான்கு முதல் ஏழு வரை போட்டால் அந்த வாரமே ஆலோசகரைப் பார்க்கலாம். எட்டும் அதற்கு மேலும் போட்டால் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, பள்ளிக்கூடங்களில் தன்னம்பிக்கை பற்றிப் பேச வர முடியுமா என்று கேட்பார்கள். மூன்றும் அதற்குக் கீழும் போட்டவர்களின் நிலைமை தீவிரமானது என்பதால் அவர்களைச் சாதாரண ஆலோசகர்கள் தொடக்கூடாது. அவர்களுடைய கோப்பு தீவிர நிலைக் குழுவுக்குப் போகும். குழு மாதக் கடைசி வியாழக்கிழமை கூடும். கூடுவதற்கு நான்கு பேர் வேண்டும். ஏழு மாதமாக நான்கு பேர் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது இரண்டு பேர், அவசர உதவியில் தாமதத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற மாநாட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஆக, ஒருவர் எவ்வளவு மோசமாக இருக்கிறாரோ அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு பரிகாரத்தை டோக்கன் மேசையே கண்டுபிடித்து வைத்திருந்தது. முன்பு அந்த மேசையில் இருந்த அம்மா ஓய்வு பெற்ற அன்று, சாவிக்கொத்தோடு சேர்த்து இந்த ரகசியத்தையும் அக்காவிடம் ஒப்படைத்தார்.

"ரெண்டு, மூணு போட்டா வெள்ளை மை தடவி அஞ்சாக்கிடு. ஒண்ணு போட்டா ரொம்ப சுலபம். ரெண்டு கோடு இழுத்தா நாலு ஆயிடும். பாவம், சீக்கிரம் உள்ளே போகட்டும்."

பதினோரு வருடமாக அக்கா இதைச் செய்துவந்தார். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்போடுதான் செய்தார். லிஃப்ட் மெக்கானிக் வரும்வரை அதில் ஒரு குறையும் அவர் கண்ணில் படவில்லை.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். படியேறி வந்தவர் உட்காராமல் மேசைக்கு முன்னால் நின்றார்.

"கீழே லிஃப்டை யாருங்க பாக்குறாங்க?"

"யாரும் பாக்குறதில்லைங்க. அட்டை மட்டும்தான் தொங்குது."

"நல்லது," என்றார் அவர். "பாக்காமலே பாத்தேன்னு எழுதுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அக்கா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பத்து நான்கு கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் எழுதினார். அந்த நிலையத்தில் முழுப் படிவத்தையும் நிரப்பிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் நேராக, அழுத்தி, ஒரு ஒன்று. பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

அக்கா வழக்கம்போல இரண்டு கோடு இழுத்தார். கிழிந்த இடத்தில் மட்டும் மை சரியாக ஒட்டவில்லை.

அன்றே உள்ளே கூப்பிட்டார்கள். நான்கு என்றால் லேசான சோர்வு. லேசான சோர்வுக்கு இருபது நிமிடம், மூச்சுப் பயிற்சி, ஒரு துண்டுப் பிரசுரம். மூத்த ஆலோசகர் எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கான அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டார். இருபதாவது நிமிடம் மெக்கானிக் வெளியே வந்தார். பிரசுரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி அக்காவின் மேசையருகே நின்றார்.

"என்ன சொன்னாங்கண்ணே?" என்று கேட்டார் அக்கா. கேட்கக்கூடாது என்று விதி.

"மாசாமாசம் லிஃப்டுக்கு மேல ஏறிக் கயிறு, பிரேக் எல்லாம் பாத்துட்டுத்தான் தாள்ல கையெழுத்து போடணும். அன்னைக்கு பதினோரு கட்டடம். முட்டி வலி வேற. ஒரு இடத்துல கீழயே உட்கார்ந்து கையெழுத்து போட்டுட்டேன். ஒன்பதாவது நாள் அந்த லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ளே ஒரு தையல்கார அம்மா. தனியா. ரெண்டரை மணி நேரம். உயிரோடதான் எடுத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் அந்தம்மா வீட்டு வாசலைத் தாண்டுறதே இல்லையாம். கம்பெனியில விசாரிச்சாங்க. தாள்ல கையெழுத்து இருக்கு, அப்போ சோதனை நடந்திருக்கு, உன் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க."

"ஆலோசகர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். குற்ற உணர்ச்சிங்கறது ஒரு எண்ணம்தான், எண்ணமெல்லாம் உண்மை இல்லைன்னாரு. இல்லைங்க, நான் நிஜமாவே பாக்காமத்தான் கையெழுத்து போட்டேன்னேன். பாத்தீங்களா, மறுபடியும் அதே எண்ணம்னாரு." மெக்கானிக் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வெளியே வர்றப்போ, நான் கையெழுத்து போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரம் வந்துடுங்கண்ணே," என்று சொல்லி அக்கா அடுத்த டோக்கனை எடுத்தார்.

அடுத்த வாரம் மெக்கானிக் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவருடைய கோப்பு அக்காவின் மேசைக்கு வந்தது. மேலே ஒரு சீட்டு: 'முத்திரை இடவும்.' முத்திரையில் 'நலமடைந்தார்' என்று இருக்கும். குத்திவிட்டு, நிலையத்தின் வாழ்த்து மடலை உறையில் போட்டு, முகவரியைக் கையால் எழுத வேண்டும். கையால் எழுதினால் அன்பு வெளிப்படும் என்பது இயக்குநரின் கருத்து.

அக்கா குத்தினார். முகவரி எழுதினார். தபால் பையில் போட்டார். அன்று மாலை வீட்டில் துணி மடிக்கும்போதுதான், கிழிந்த தாளில் ஒட்டாமல் நின்ற அந்தக் கோடு நினைவுக்கு வந்தது. ஒன்று போட்டவர். அவரை நான்கு என்று சொல்லி அனுப்பியது யார்? ஆலோசகர் அவரை இருபது நிமிடத்தில் அனுப்பியது எதை நம்பி?

"அந்த ஆள் இருக்காரோ இல்லையோன்னு பயமா இருக்கு," என்றார் கணவரிடம்.

கணவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய்வரும் களைப்போடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நீ நல்லதுக்குத்தானே பண்ணே? விடு. உன் மேல ஒரு தப்பும் இல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் மெக்கானிக்கிடம் கம்பெனி சொன்னதும் இதே வார்த்தைதான்.

மறுநாள் அவர் மூத்த ஆலோசகரின் அறைக்குப் போனார். "ஐயா, அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டு எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாமா?"

மூத்த ஆலோசகர் மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டார். "நெறிமுறை விஷயம். நெறிமுறை அதிகாரியைப் பாருங்க."

நெறிமுறை அதிகாரியின் அறையில் நிலையத்திலேயே பெரிய மேசை இருந்தது. அதன்மேல் நெறிமுறைக் கையேடு மட்டும். அவர் அன்பாகத்தான் பேசினார். நிலையத்தில் எல்லோருமே அன்பாகத்தான் பேசுவார்கள்.

"நீங்க சொல்லப் போறது உங்க உணர்வா, தகவலா? தகவல்னா வேற படிவம்."

"தகவல்தாங்க. அவரு எப்படி இருக்காருன்னு போன்ல கேக்கணும்."

"வராம இருக்கறது அவரோட உரிமை. நாம போன் பண்ணினா அந்த உரிமையில தலையிடுறோம். போன் பண்ணலாம்னு அவர் சம்மதக் கட்டத்துல டிக் போட்டிருக்கணும். போடலையே."

"படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லைங்களே?"

"அதனாலதான் அவர் போடலை," என்றார் நெறிமுறை அதிகாரி.

"சரிங்க. இனிமே சம்மதம் வாங்க முடியாதா?"

"தாராளமா வாங்கலாம். அவர் நேர்ல வந்து கொடுக்கணும்."

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொல்லிவிட்டார். ஒன்றை நான்காக்கியதை; பதினோரு வருடமாக ஆக்கிவந்ததை. முந்தைய அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நெறிமுறை அதிகாரி நெடுநேரம் கையேட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை என்கிட்ட சொன்னதுக்கு நன்றி," என்றார் கடைசியில். "ரொம்ப தைரியமான பகிர்வு. இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஆனால் விஷயம் இயக்குநருக்குப் போனது. வியாழக்கிழமை ஒரு பகிர்வு வட்டம் கூட்டப்பட்டது. விசாரணை என்ற சொல்லை நிலையம் பயன்படுத்துவதில்லை. நாற்காலிகள் வட்டமாக, நடுவில் ஒரு முக்காலி, முக்காலிமேல் கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி. தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் மனநிலையைச் சொல்ல வேண்டும்.

"நான் நன்றியோட இருக்கேன்," என்றார் இயக்குநர்.

"நான் திறந்த மனசோட இருக்கேன்," என்றார் நெறிமுறை அதிகாரி.

"நான் இன்னும் சாப்பிடலை," என்றார் மூத்த ஆலோசகர்.

அக்காவின் முறை வந்தது. "நான் தப்பு பண்ணியிருக்கேன். அந்த ஆளை யாராவது போய்ப் பாக்கணும்."

"தப்புங்கற வார்த்தை இங்க வேண்டாமே," என்றார் இயக்குநர். திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. நாட்டின் சிறந்த நிலையம் என்ற சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் குரலில் பதற்றமே இல்லை. பதற்றத்தைக் கையாள்வது பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர்.

"அக்கா, இங்க யாரும் உங்களைக் குற்றவாளியா பாக்கலை. அது எங்க பழக்கமே இல்லை. நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்போ பதினோரு வருஷத்துல நாலுன்னு வந்த ஒவ்வொரு படிவமும் சந்தேகத்துக்குரியது. அஞ்சும் சந்தேகம். அந்த நாலையும் அஞ்சையும் வச்சுத்தான் நான் ஆறு கட்டுரை எழுதியிருக்கேன். லேசான சோர்வு இந்த ஊர்ல ஏன் அதிகம்னு உலகத்துக்கே சொன்னது நான். ஒண்ணுக்குப் பதக்கம் கொடுத்தாங்க. நீங்க சொல்றது நிஜம்னா, அந்தப் பதக்கம் பொய். பதக்கம் என் அறையில இருக்கு, யாரும் போய்த் தொட்டுப் பாக்கலாம். அப்போ எது பொய்?"

"நான் மாத்தினது நிஜம்ங்கய்யா. இந்தக் கையாலதான்."

மூத்த ஆலோசகர் குறிப்பில் எழுதினார்: கையின் மேல் பழி சுமத்துகிறார்.

"வேணும்னா அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்க. கிழிஞ்ச இடத்துல ரெண்டாவது கோடு ஒட்டாம நிக்கும்."

"முடிஞ்ச கோப்பைத் திறக்கக்கூடாது," என்றார் நெறிமுறை அதிகாரி. "குணமானவரோட அந்தரங்கம்."

"குணமாகலைன்னா?"

"குணமாகலைன்னா கோப்பு முடிஞ்சிருக்காதே."

அறையில் ஒரு திருப்தி நிலவியது. வட்டம் ஒருமனதாக முடிவுக்கு வந்தது. அக்காவுக்கு மிகைப் பொறுப்புணர்வு. நடக்காத தவறுக்குத் தன்னைக் காரணமாக நினைப்பது. அதிகக் காலம் பிறருடைய துயரத்துக்கு அருகில் உட்கார்ந்தால் வரக்கூடியது. பயப்பட ஒன்றுமில்லை. ஆறு அமர்வுகள் போதும். நிலையமே இலவசமாகச் செய்து தரும். ஆனால் ஒருவரே ஊழியராகவும் ஆலோசனை பெறுபவராகவும் இருப்பது நெறிமுறைப்படி தவறு. எனவே குணமாகும்வரை அவர் மேசைக்குப் பின்னால் உட்காரக்கூடாது. முன்னால் உட்காரலாம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா எண்பத்திரண்டு படி ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மேசையில் இயக்குநரின் கார் டிரைவர் தற்காலிகமாக அமர்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் சங்கடத்தோடு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே. படிவம் கொடுங்க."

முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் இந்தக் கட்டத்தின் முன் தயங்கி உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். சும்மா ஒரு எண்தானே, சீக்கிரம் போடுங்க என்று சொல்லியும் இருக்கிறார். யோசித்து, இரண்டு என்று எழுதிக் கொடுத்தார்.

டிரைவர் படிவத்தை வாங்கினார். இப்படியும் அப்படியும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து வெள்ளை மை புட்டியை எடுத்தார்.

"அண்ணே, வேண்டாம்."

"சும்மா இரும்மா. உனக்கு இதைக்கூடச் செய்ய மாட்டேனா? நேத்து வட்டத்துல நீ சொன்னதை வாசல்ல நின்னு கேட்டேன்." ஊதிக் காயவைத்து, மேலே அழகாக ஐந்து போட்டார். "இன்னைக்கே கூப்பிட்டுடுவாங்க பாரு."

கூப்பிட்டார்கள். மூத்த ஆலோசகர் அட்டவணையைத் திறந்தார்.

"உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

"ஒரு ஆள் உயிரோட இருக்காரான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுக்கணும்ங்கற ஆசை எங்கேயிருந்து வருது?"

"அவரு வராததுலேயிருந்து வருது."

"சின்ன வயசுல உங்களை விட்டுட்டு யாராவது போயிட்டாங்களா?"

"இல்லைங்கய்யா. போன மாசம்தான். நீங்களும் பாத்தீங்களே, முழங்கால்ல கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. படிவத்துல ஒண்ணுன்னே இருந்திருந்தா நீங்க அவரைப் பிரசுரம் கொடுத்து அனுப்பியிருப்பீங்களா?"

மூத்த ஆலோசகர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. தெருவில் தெரிந்தவரைக் கண்டும் காணாமல் கடப்பவரின் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு அட்டவணையைப் பார்த்தார்.

"ஒண்ணு போட்டிருந்தா, நான் அவரைப் பாத்தே இருக்க மாட்டேன்," என்றார் மெல்ல. "இப்போ மூச்சை இழுங்க. நாலு எண்ணும்வரை."

அக்கா மூச்சை இழுத்தார். மூன்று எண்ணும்போதே எழுந்துவிட்டார்.

அந்த முகவரி அவருக்கு மனப்பாடம். உறையில் எழுதியது அவருடைய கைதானே. இரண்டு பஸ் மாறி, ஒரு பேட்டரிக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் திரும்பி, மூன்றாவது மாடியில் பச்சைக் கதவின் முன் நின்றபோது பகல் பன்னிரண்டரை. வழி முழுக்க அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது ஒரே வாக்கியத்தைத்தான். கதவைத் திறப்பவர் அழுதிருந்தால் என்ன சொல்வது என்ற வாக்கியம். அது கடைசிவரை அமையவில்லை.

கதவைத் திறந்தது மெக்கானிக்கின் மனைவி. கையில் ஈரம். முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை.

"யாரும்மா?"

"ஆலோசனை நிலையத்துலேருந்து வரேன். டோக்கன் கொடுக்கற... அவரு... அவரு இருக்காரா?"

"சமையல்கட்டுல உக்காந்திருக்காரு. இன்னைக்கு வேலைக்குப் போகலை. உள்ளே வாங்க." மனைவிக்கு முகம் மலர்ந்தது. "நீங்க அனுப்பின மடல் வந்துச்சு. பாருங்க, எங்கே வச்சிருக்கேன்னு."

ஃபிரிட்ஜின் கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி, வாழ்த்து மடல் ஒட்டியிருந்தது. 'நீங்கள் நலமடைந்தமைக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்.' பக்கத்தில் நாற்காலியில் மெக்கானிக். உயிரோடு இருந்தார். அக்கா கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக் பாதியாக இளைத்திருந்தார். சவரம் செய்யாத முகம். அக்காவை அடையாளம் தெரிந்துகொள்ள நேரம் பிடித்தது.

"கம்பெனியில லீவுல அனுப்பியிருந்தாங்க, இந்த மடலைக் காட்டினதும் திரும்ப வேலையில போட்டுட்டாங்க," என்றார் மனைவி. "ஆனா ஒரு லிஃப்டுக்கு நாலு தடவை ஏறி இறங்கறாராம். கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. தூங்கறதில்லை. சாப்பிடுன்னா தட்டைப் பாத்துக்கிட்டே இருக்காரு. அப்பல்லாம் நான் இதைத்தான் காட்டறேன். உங்களுக்குச் சரியாயிடுச்சுன்னு படிச்சவங்க எழுதியே கொடுத்துட்டாங்க, இன்னும் என்னன்னு."

"ஏண்ணே வரலை?" என்று கேட்டார் அக்கா.

"வந்தேன்," என்றார் மெக்கானிக். "கீழ வரைக்கும் வந்தேன். மூணு தடவையும். அந்த லிஃப்டைப் பாத்துட்டு நின்னுடுவேன். அப்புறம் மடல் வந்துச்சு. சரி, குணமானா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன். இதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு."

அக்கா கையைப் பிசைந்துகொண்டார். சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். ஆள் இருக்கிறார், பார்த்தாகிவிட்டது.

"அது பொய்ண்ணே. உங்களுக்குச் சரியாகலை. நீங்க வரலைன்னு அப்படி ஒரு முத்திரை. குத்தினது நான்தான். அதுக்கு முன்னாடி, நீங்க போட்ட ஒண்ணை நாலா மாத்தினதும் நான்தான்."

மனைவி கையைத் துடைப்பதை நிறுத்தினார். "ஒண்ணுன்னா என்ன அர்த்தம்?"

"அதுக்குக் கீழே நம்பர் இல்லைங்க."

மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மனைவி கணவரைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"நீங்க யாரும்மா மாத்தறதுக்கு? அவரு எழுதினதை நீங்க யாரு மாத்தறதுக்கு? ஒண்ணுன்னு தெரிஞ்சிருந்தா நான் வேலைக்கு அனுப்பியிருப்பேனா? அந்தக் காகிதத்தைத் தூக்கி முகத்துக்கு நேரா காட்டியிருப்பேனா?" குரல் உடைந்தது. "ஒரு வாரமா காட்டியிருக்கேனே."

"சீக்கிரம் பாக்கட்டும்னுதான் மாத்தினேன்."

"சீக்கிரம்தான் பாத்தாங்க," என்றார் மெக்கானிக். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, ஒவ்வொரு திருகாணியாகச் சோதிப்பதுபோல, வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். "ஆனா நீங்க பண்ணது தப்புங்க."

பத்து நாளாக இதைத்தான் அக்கா யாரிடமிருந்தாவது கேட்க அலைந்தார் என்பது கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. லேசாகிவிடவில்லை. ஆனால் பாரம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தட்டுப்பட்டது. எங்கே பிடித்துத் தூக்குவது என்று இனிப் பார்க்கலாம்.

"ஆமாண்ணே. தப்புதான்."

மெக்கானிக் முன்னால் சாய்ந்தார். "நான் மேல ஏறிப் பாக்காம கையெழுத்து போட்டேன்."

அக்காவின் வாயில் பதினோரு வருடப் பழக்கத்தில் ஓர் ஆறுதல் தயாராக இருந்தது. அதை விழுங்கினார்.

"அதுவும் தப்புதான்."

அவர் தலையாட்டினார். ஒரு முறை, பிறகு பல முறை. தலையாட்டிக்கொண்டே இருக்கும்போது கண்ணீர் வழிந்தது. துடைக்க அங்கே காகிதப் பெட்டி எதுவும் இல்லை. மனைவி தன் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடுத்தார். அவர் அதில் முகத்தை அழுத்திக்கொண்டார்.

"பெரிய ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காங்க," என்றார் அக்கா. "ரெண்டு மணிக்கு வெளிநோயாளி சீட்டு கொடுப்பாங்க. நானும் வரேன். அங்க வேலை பாக்கறவங்க யாரையும் எனக்குத் தெரியாது. ஒண்ணும் மாத்தி எழுத முடியாது."

"நீங்க வரணுமா?" என்றார் மனைவி.

"வேண்டாம்னா போயிடறேங்க."

மனைவி உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்துவந்து கணவரின் மடியில் போட்டார். "போட்டுக்கிட்டு எழுந்திருங்க." பிறகு அக்காவைப் பார்க்காமல், "கதவைச் சாத்தணும், நீங்க முன்னாடி இறங்குங்க," என்றார்.

படியில் மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாக இறங்கினார். முட்டி இன்னும் சரியாகவில்லை. முதல் திருப்பத்தில் நின்றார்.

"அங்க என்னம்மா சொல்றது?"

"எதுலேருந்து தோணுதோ அதுலேருந்து சொல்லுங்க."

அவர் யோசித்தார். "அந்தத் தையல்கார அம்மா உள்ளேருந்து கத்தவே இல்லையாம். தட்டிக்கிட்டே மட்டும் இருந்தாங்களாம்," என்று தொடங்கினார். அடுத்த படிக்கு இறங்கினார். பின்னால் அவர் மனைவி கதவைப் பூட்டிவிட்டு வேகமாக வந்து, சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல், மெக்கானிக் சொல்லச் சொல்ல, அவருடைய வேகத்துக்கே இறங்கினார்.